லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா: கர்ப்பிணியின் பிரஷருக்கு எந்த மாத்திரை?

மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் ஏழாம் மாதம் வந்தால் கர்ப்பிணிக்கு இரண்டு டாக்டர் ஆகிவிடும். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சயனிலோ செம்பூரிலோ நடந்திருக்கும். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்குத் திருநெல்வேலிக்கோ விழுப்புரத்துக்கோ கிளம்புவார்கள். பிரஷர் 150/100 என்று எகிறத் தொடங்குவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். இங்கே லேபெட்டலால் எழுதியிருப்பார்கள். ஊரில் அதை நிஃபெடிபினாக மாற்றுவார்கள். "எங்க காலத்துல ஆல்ஃபாடோபாதான் குடுத்தாங்க, ஒண்ணும் ஆகல" என்று மெத்தில்டோபாவை அதன் கடைப் பெயரில் சொல்லி வீட்டில் ஒருவர் நினைவுபடுத்துவார். மூன்றில் எது குழந்தைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்காமல் பிரஷரை மட்டும் குறைக்கும் என்று கேட்காத குடும்பம் இல்லை.

மூன்றுமே பல பத்தாண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவரும் மருந்துகள். எந்த மருந்து கருப்பைத் தமனியை அதிகம் திறக்கும் என்று பார்த்துத் தேர்வு செய்வது தப்பான இடத்தில் ஆரம்பிப்பது. எந்த வேகத்தில் இறக்குகிறது, நாள் முழுக்கச் சீராக நிற்கிறதா, இந்தப் பெண்ணுக்கு வேறு என்ன தொந்தரவு இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். ஏன் என்பதற்குக் கருப்பை ரத்தக் குழாய்களில் கர்ப்பம் என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழாய்களில் என்ன மாறுகிறது

கர்ப்பம் இல்லாதபோது கருப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. ரத்தம் போகிறது. பிரசவம் நெருங்கும்போது அது 500 முதல் 750 மி.லி. வரை ஏறிவிடும். அதாவது இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

இதற்காக இரண்டு இடங்களில் வேலை நடக்கிறது. முதலிடம், நஞ்சுக்கொடிக்குள் ரத்தத்தைக் கொட்டும் சுருள் தமனிகள். குழந்தையின் பக்கத்திலிருந்து வரும் டிரோபோபிளாஸ்ட் செல்கள் இந்தத் தமனிகளின் சுவருக்குள் புகுந்து, அங்குள்ள தசையையும் மீள் நார்களையும் நீக்கிவிடுகின்றன. 20–22 வாரத்துக்குள் இது பெருமளவு முடிந்துவிடும். தமனியின் வாய் 2–3 மி.மீ. அளவுக்கு அகலும். அதன்பிறகு அந்தப் பகுதிக்குச் சுருங்கவும் தெரியாது, இன்னும் விரியவும் தெரியாது. தசையே இல்லாத இடத்தில் எந்த மாத்திரைக்கும் பிடிமானம் கிடையாது.

இரண்டாமிடம், மேலே இருக்கும் கருப்பைத் தமனி. அதில் தசை இருக்கிறது, ஆனால் குணம் மாறிவிடுகிறது. உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடையும் புரோஸ்டாசைக்ளினையும் கூடுதலாகச் சுரக்கிறது. தசைச் செல்லின் பொட்டாசியம் வாசல்கள் அதிகம் திறந்து நிற்கின்றன. அதனால் சுருக்கச் சொல்லும் ஹார்மோன்களுக்கு அது லேசில் மசிவதில்லை. 1973-இல் டெக்சாஸின் டல்லஸ் நகரில் முதல் கர்ப்பத்தில் இருந்த பெண்களுக்கு ஆஞ்சியோடென்சின்-2 என்ற சுருக்கும் ஹார்மோனை ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். கீழ் பிரஷரை 20 ஏற்றுவதற்கு, கர்ப்பமில்லாத பெண்ணுக்குத் தேவைப்படுவதைவிட மிக அதிகமான அளவு தேவைப்பட்டது. பின்னால் பிரஷர் நோய் வந்த பெண்களிடம் மட்டும் இந்தத் தாங்குசக்தி பல வாரங்களுக்கு முன்பே தேய்ந்துபோயிருந்தது. நோய் பிரஷர் மீட்டரில் தெரிவதற்கு வெகு முன்பே குழாய்ச்சுவரில் தொடங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது கடினம்.

ஆனால் எல்லாச் சுருக்கிகளுக்கும் இதே கதை இல்லை. சினையான செம்மறியாடுகளில் பார்த்தபோது, ஆஞ்சியோடென்சினுக்கு உடம்பின் மற்றக் குழாய்களைவிடக் கருப்பைக் குழாய் குறைவாகச் சுருங்கியது. அட்ரினலின் வகையைச் சேர்ந்த, ஆல்ஃபா ஏற்பியை (செல்லின் மேல் ஹார்மோனோ மருந்தோ வந்து பற்றும் இடங்களில் ஒரு வகை) தொடும் மருந்துகளுக்கோ மற்றவற்றைவிட அதிகமாகச் சுருங்கியது. இது மயக்க மருந்து நிபுணர்களைப் பல ஆண்டுகள் ஒரு தப்பான வழியில் அனுப்பியது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் ஒரு விலை உண்டு. பிரஷர் கொஞ்சம் இறங்கினால் மூளையின் ரத்தக் குழாய்கள் தாமாக விரிந்து ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். நஞ்சுக்கொடிக்குப் போகும் குழாய்கள் ஏற்கெனவே முழுசாகத் திறந்து கிடப்பதால் அவற்றுக்கு அந்த வசதி பெருமளவு இல்லை. குழாயை முழுக்கத் திறந்துவிட்ட பிறகு வாளி நிரம்பும் வேகத்தை மாடித் தொட்டியின் மட்டம்தான் முடிவு செய்யும்; அதேபோல இங்கே அம்மாவின் பிரஷர்தான் ஓட்டத்தை முடிவு செய்கிறது. அதைப் பத்து நிமிடத்தில் 170-லிருந்து 110-க்கு இறக்கினால் குழந்தையின் இதயத் துடிப்பு சரிவது மானிட்டரில் தெரியும். பிரசவ வலியில் இது இன்னும் மோசம். ஒவ்வொரு வலியின்போதும் கருப்பைத் தசை இறுகி ரத்த ஓட்டத்தை எப்படியும் நெரிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குழந்தைக்கு மூச்சு வாங்க இடைவெளியே இருக்காது.

பிரீ-எக்லாம்ப்சியாவில், அதாவது கர்ப்பத்தில் பிரஷரோடு சிறுநீரில் புரதம் போவது போன்ற சிக்கல்களும் சேரும் நோயில், சுருள் தமனிகளின் மாற்றம் பாதியிலேயே நின்றுபோயிருக்கும். தசை அப்படியே இருக்கும், வாய் குறுகலாக இருக்கும். டாப்ளர் ஸ்கேன் அறிக்கையில் 'நாட்ச்' என்றும், பி.ஐ. (ஓட்டத்துக்கு உள்ள தடையைக் காட்டும் எண்) அதிகம் என்றும் எழுதுவது இந்தக் குறுகலின் அடையாளத்தைத்தான். பாதியில் நின்ற கட்டுமானத்தை எந்தப் பிரஷர் மாத்திரையாலும் முடித்துவைக்க முடியாது. மாத்திரை தொடங்கி ஒரு வாரத்தில் "நாட்ச் போயிடுச்சா" என்று மறுபடி ஸ்கேனுக்குப் போவது வீண் செலவு. குழந்தை வளர்கிறதா, தொப்புள்கொடி டாப்ளர் எப்படி, பனிக்குட நீர் எவ்வளவு என்று பார்ப்பதற்கு ஸ்கேன் எடுப்பது வேறு விஷயம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

சோதனைச்சாலை சொல்லும் வரிசையும் வார்டு சொல்லும் வரிசையும்

கருப்பைத் தமனி மருந்துக்கு எப்படி நடந்துகொள்கிறது என்று நேரடியாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சிசேரியனின்போது, சம்மதம் வாங்கிக்கொண்டு, வெட்டு விளிம்பிலிருந்து கருப்பைத் தசையில் ஒரு சிறு துண்டு எடுப்பார்கள். நுண்ணோக்கியின் கீழ் அதிலிருந்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள தமனியைப் பிரித்து, சுமார் 2 மி.மீ. நீளத்துக்கு வளையமாக வெட்டுவார்கள். அந்த வளையத்துக்குள் 40 மைக்ரோமீட்டர் கனமுள்ள இரண்டு கம்பிகளைக் கோப்பார்கள். 37 டிகிரிச் சூட்டில் உப்புக் கரைசல் இருக்கும். அதில் 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடும் குமிழியிடும். ஒரு சுருக்கியை விட்டதும் வளையம் கம்பிகளை இழுக்கும், அந்த இழுவிசை திரையில் கோடாக ஏறும். பிறகு மருந்தை விட்டால் கோடு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கலாம். கம்பி கோக்கும்போது உட்சுவர் உரசினால் அந்த வளையம் வீண். நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும் படலம் போய்விடும். எனவே முதலில் பிராடிகைனின் கொடுத்து உட்சுவர் உயிரோடு இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்வார்கள்.

இந்தக் கரைசலுக்குள் நிஃபெடிபின் ஜெயிக்கும். தசைக்குள் கால்சியம் நுழையும் வாசலையே அது அடைப்பதால், யார் சுருக்கினாலும் வளையம் தளரும். லேபெட்டலால், ஆல்ஃபா ஏற்பி வழியாக வந்த சுருக்கத்தை மட்டும் தளர்த்தும். மெத்தில்டோபாவுக்குப் பூஜ்யம். அது உடம்புக்குள் போய் வேதிமாற்றம் அடைந்து, மூளைத்தண்டில் நரம்புத் தூண்டுதலைக் குறைக்கும் மருந்து. கரைசலில் மிதக்கும் வளையத்துக்கு மூளை ஏது?

இப்போது நாக்பூருக்கு வாருங்கள். அங்கே இரண்டு அரசு மருத்துவமனைகளில், 160/110 தாண்டிய 894 கர்ப்பிணிகளுக்கு இந்த மூன்று மருந்தையும் வாய்வழியாகக் கொடுத்து ஒப்பிட்டார்கள். 2019-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு அது. நிஃபெடிபின் மணிக்கு 10 மி.கி. வீதம் 30 வரை, லேபெட்டலால் மணிக்கு 200 மி.கி. வீதம் மூன்று தடவை வரை, மெத்தில்டோபா ஒரே தடவையாக 1000 மி.கி. ஆறு மணி நேரத்துக்குள் பாதிப்பு எதுவும் இல்லாமல் பிரஷர் கட்டுக்குள் வந்தது நிஃபெடிபினில் 84 சதவீதம், லேபெட்டலாலில் 77, மெத்தில்டோபாவில் 76. நிஃபெடிபின் முன்னால்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் வளையத்தில் பூஜ்யம் வாங்கியது, பெண்களிடம் லேபெட்டலாலுக்குத் தோளோடு தோள் நிற்கிறது. இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: நிஃபெடிபின் பெற்றவர்களின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனது மற்ற இரண்டு குழுக்களைவிட அதிகம். ஊசி வசதியும் ஒவ்வொரு படுக்கைக்கும் மானிட்டரும் இல்லாத இடத்தில் மூன்றில் கையில் கிடைப்பதைத் தாமதமில்லாமல் கொடுக்கலாம் என்பதே அந்த ஆய்வின் பெரிய உபயோகம்.

தினசரி மாத்திரை: யாருக்கு எது

லேபெட்டலால் ஆல்ஃபா, பீட்டா இரண்டு ஏற்பிகளையும் தடுக்கும். குழாய் தளரும், அதற்கு இதயம் பதறி ஓடாது. பிரஷர் திடீரென்று குழியில் விழுவதில்லை. 100 மி.கி. இரண்டு வேளையில் தொடங்கி, தேவைப்பட்டால் நாளொன்றுக்கு 2400 வரை ஏற்றலாம். பலருக்கு 200 மி.கி. மூன்று வேளையிலேயே நின்றுவிடும். எங்கள் சாய்வு, ஆஸ்துமா இல்லாத, நாடித்துடிப்பு 60-க்குக் கீழே போகாத பெண்ணுக்கு இதுவே முதல் மாத்திரை.

இங்கே அதிகம் நடக்கும் தப்பு, இரண்டு வேளை என்று எழுதிவிட்டு அதோடு விடுவது. கர்ப்பத்தில் கல்லீரல் இந்த மருந்தை வேகமாகக் கழித்துவிடுகிறது. இரவு எட்டு மணி மாத்திரையின் வேலை விடியற்காலையில் முடிந்துவிடும். காலை ஏழு மணி அளவு 154/102, பகல் பதினொன்றுக்கு 132/84 என்று மாறி மாறி வந்தால் மருந்து போதவில்லை என்று முடிவு கட்டி வேறு மருந்துக்குத் தாவ வேண்டியதில்லை. அதே மொத்த அளவை எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாகப் பிரித்தால் பல நேரம் சரியாகிவிடும்.

ஆஸ்துமா உள்ளவருக்கு லேபெட்டலால் வேண்டாம். மும்பை மழைக்காலத்தில் இன்ஹேலர் இல்லாமல் முடியாதவர்கள் இதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். கர்ப்பகால சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவருக்கு இன்னொரு சிக்கல்: சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். பிறந்த குழந்தைக்கும் சர்க்கரை தாழலாம், துடிப்பு குறையலாம். அதனால் பிரசவ அறையில் இருப்பவர்களுக்கு அம்மா இந்த மாத்திரை சாப்பிட்டது தெரிந்திருக்க வேண்டும். தலைத்தோலில் ஊர்வதுபோல் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது மருந்தின் வேலைதான், ஆபத்தில்லை.

நிஃபெடிபின் ஆஸ்துமாக்காரருக்கும் நாடி மெதுவாக ஓடுபவருக்கும் முதல் தேர்வு. தினசரிக்கு வேண்டியது ரிடார்ட் மாத்திரை, அதாவது மெல்லக் கரைவது. 20 மி.கி. இரண்டு வேளையில் தொடங்குவது வழக்கம். இதன் ஆபத்து முழுக்க மருந்துக்கடைக் கவுன்ட்டரில் இருக்கிறது. 10 மி.கி. கேப்ஸ்யூலும் உண்டு, 10 மி.கி. ரிடார்ட் மாத்திரையும் உண்டு. பெயர் ஒன்று, எண் ஒன்று, குணம் வேறு. கேப்ஸ்யூல் அரை மணிக்குள் பாயும், சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். தினசரிக்கு அதை விழுங்கினால் நாள் முழுக்கப் பிரஷர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். முன்பு சொன்ன மாடித் தொட்டிக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. அட்டையில் ரிடார்ட் என்றோ எஸ்.ஆர். என்றோ இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். ரிடார்ட் மாத்திரையைப் பாதியாக உடைப்பதோ மெல்லுவதோ கூடாது. உடைத்தால் அதுவும் கேப்ஸ்யூல்தான். கேப்ஸ்யூலைக் குத்தி நாக்குக்கு அடியில் விடும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் மிச்சமிருக்கிறது. அது பிரஷரைக் கண்மூடித்தனமாகத் தள்ளிவிடும். யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நிஃபெடிபினில் இன்னொரு குழப்பம் வரும். தலைவலியும் கால் வீக்கமும் இதன் பக்கவிளைவுகள். பிரீ-எக்லாம்ப்சியா முற்றுவதன் அறிகுறிகளும் அவையே. மாத்திரை தொடங்கிய முதல் சில நாட்களில், பிரஷர் இறங்கியிருக்கும்போது, முகச் சிவப்போடு வரும் தலைவலி மருந்தால் இருக்கலாம். பாரசிட்டமாலுக்கு அடங்காத தலைவலி, கண்ணில் மின்னல், வலது விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் வீங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரை மேல் பழி போட்டுவிட்டு வீட்டில் உட்காரக் கூடாது.

மெத்தில்டோபாவை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. இந்த மூன்றில் வயிற்றில் இருந்த குழந்தையை ஏழு வயது வரை பின்தொடர்ந்து பார்த்து, குறையொன்றும் இல்லை என்று காட்டிய பழைய ஆய்வு இதற்குத்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது கர்ப்பகாலப் பிரஷருக்காக மட்டுமே இடம் பிடித்திருக்கிறது. மற்றவர்கள் இதைக் கைவிட்டு வெகு காலமாகிறது. 250 மி.கி. இரண்டு மூன்று வேளையில் தொடங்கும். முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் வாரம் தூக்கம் தள்ளும், வாய் உலரும். காலை ஏழரை லோக்கலைப் பிடித்து ஆபீஸ் போகும் பெண்ணுக்கு இது கஷ்டம். ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவருக்கு வேண்டாம்.

மெத்தில்டோபா "கேக்கவே மாட்டேங்குது" என்று வரும் புகாரில் பாதிக்கு மருந்து காரணமில்லை. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் குடலில் இரும்பு இதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரும் அளவு வெகுவாகக் குறையும். நம் ஊரில் இரும்பு மாத்திரை சாப்பிடாத கர்ப்பிணி உண்டா? இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லா மாத்திரையையும் ஒரே கையில் கொட்டி விழுங்கும் பழக்கத்தை முதலில் நிறுத்திவிட்டு, அப்புறம் அளவை ஏற்றலாமா என்று யோசிக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எவ்வளவுக்கு இறக்குவது? முன்பு, மிகவும் இறக்கினால் குழந்தை வளராது என்ற பயத்தில் 150-ஐ எட்டும் வரை காத்திருந்தார்கள். 2015-இல் வெளியான சிப்ஸ் ஆய்வில் கீழ் அளவை 85-இல் வைத்த பெண்களுக்கும் 100 வரை விட்ட பெண்களுக்கும் குழந்தை விஷயத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் கடுமையான பிரஷர் முதல் குழுவில் 27.5 சதவீதம், இரண்டாம் குழுவில் 40.6. 2022-இல் சாப் ஆய்வு 2408 பெண்களில், 140/90-க்குக் கீழே வைத்தும் குழந்தை எடை குறையவில்லை என்று காட்டியது. ஆகவே இன்றைய இலக்கு மேல் அளவு 110–140, கீழ் அளவு 85-ஐ ஒட்டி. கீழ் அளவு 80-க்குக் கீழே இறங்கினால் மாத்திரையைக் குறைக்க வேண்டும். ரொம்ப நல்லா இறங்கிடுச்சு என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

ஏற்கெனவே பிரஷர் இருந்து டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே டாக்டரைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே மாற்றினால் இன்னும் நல்லது. நான்காம் மாதத்துக்குப் பிறகு இவை குழந்தையின் சிறுநீரகத்தை முடக்கும், பனிக்குட நீர் வற்றும். தாமாகவே நிறுத்திவிட்டு மாற்று மருந்தில்லாமல் இருப்பதும் தப்பு. அட்டெனலாலைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்து சாப்பிட்டவர்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறந்தது 1990-லேயே தெரிந்துவிட்டது. லேபெட்டலாலும் பீட்டா தடுப்பிதான் என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைக்கக் கூடாது.

160/110 தாண்டினால்

15 நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்தும் மேலே 160 அல்லது கீழே 110 நின்றால் அது அவசரம். 30 முதல் 60 நிமிடத்துக்குள் மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். இங்கே தேர்வு லேபெட்டலால் ஊசி, வாய்வழி நிஃபெடிபின் கேப்ஸ்யூல், ஹைட்ரலாசின் ஊசி மூன்றுக்கும் நடுவில்.

லேபெட்டலால் ஊசி 20 மி.கி. நரம்பில் (அதாவது ரத்தக் குழாயில்), இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்து மெதுவாக. பத்து நிமிடம் பார்த்து 40, இன்னும் பத்து நிமிடம் பார்த்து 80. மொத்தம் 300-ஐத் தாண்டாமல். நரம்பு வழியாகப் போகும்போது பீட்டா தடுப்பு ஆல்ஃபாவைப்போல் ஏழு மடங்கு. வாய்வழியில் மூன்று மடங்கு. எனவே நாடியைப் பார்க்காமல் அடுத்த ஊசியை ஏற்றக் கூடாது. நிஃபெடிபின் கேப்ஸ்யூல் 10 மி.கி. விழுங்கி, 20 நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து 20, மறுபடி 20. நரம்பு கிடைக்காதபோது, ஆள் குறைவான ராத்திரி ஷிப்டில், இதுவே கை கொடுக்கும். தினசரி மருந்தாகக் கேப்ஸ்யூலைத் திட்டிவிட்டு இங்கே சிபாரிசு செய்வதில் முரண்பாடு இல்லை: இங்கே பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளக்க ஒரு நர்ஸ் பக்கத்திலேயே நிற்கிறார்.

ஹைட்ரலாசின் எங்களுக்குக் கடைசி. 5 மி.கி. நரம்பில் போட்டால் வேலை தொடங்க 10 முதல் 20 நிமிடம் ஆகும். பொறுமையில்லாமல் இரண்டாவது ஊசி போட்டுவிடுவார்கள், பிறகு இரண்டும் சேர்ந்து இறக்கும். பிரீ-எக்லாம்ப்சியாவில் ரத்தத்தின் நீர்மம் ஏற்கெனவே குறைந்திருப்பதால் அந்தச் சரிவு ஆழமாக இருக்கும். 2003-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது தாயின் பிரஷர் அளவுக்கு மீறி இறங்குவதும் நஞ்சுக்கொடி பிரிவதும் இதில் அதிகமாக இருந்தது.

இலக்கு 120/80 அல்ல. 140–150 / 90–100-க்கு வந்தால் போதும், அங்கேயே நிறுத்தி வையுங்கள். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்ஃபேட் தனியாகப் போக வேண்டும். அது பிரஷர் மருந்து இல்லை, பிரஷர் இறங்கியது என்பதற்காக அதை நிறுத்தக் கூடாது. முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி. வருகிறதா என்று பார்த்தே அடுத்த டோஸ். மெக்னீசியம் மிஞ்சிப்போனால் முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் ஆம்ப்யூல் படுக்கையருகே இருக்க வேண்டும், பீரோவுக்குள் இல்லை.

ஏற்றும் மருந்துகளிலும் இதே பாடம்

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதும் பிரஷர் இறங்கும். அதை ஏற்ற எஃபெட்ரினா, ஃபினைலெஃப்ரினா என்று நீண்ட காலம் வாதம் நடந்தது. செம்மறியாட்டில் ஆல்ஃபா மருந்து கருப்பைத் தமனியைச் சுருக்கியதால் ஃபினைலெஃப்ரினை ஒதுக்கிவிட்டு எஃபெட்ரினைக் கொடுத்துவந்தார்கள். பிறகு குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தின் அமிலத்தன்மையை அளந்தபோது கதை தலைகீழானது. எஃபெட்ரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்க் குழந்தையின் உடலில் அமிலத்தை ஏற்றியது. ஃபினைலெஃப்ரினில் குழாய் கொஞ்சம் சுருங்கினாலும் அம்மாவின் பிரஷர் நிலைத்து நின்றதால் குழந்தை நன்றாக இருந்தது. 2018-இல் சர்வதேச ஒப்புதல் அறிக்கை ஃபினைலெஃப்ரினையே முதலாகச் சொன்னது. நம் நாட்டு ஆபரேஷன் தியேட்டர்களில் மெஃபென்டெர்மின் இன்னும் தாராளமாகப் புழங்குகிறது. அது எஃபெட்ரினுக்கு உறவுக்கார மருந்து. பிரீ-எக்லாம்ப்சியா உள்ளவருக்குக் குழாய்கள் சுருக்கிகளுக்கு அதிகம் எகிறும் என்பதால் எதைக் கொடுத்தாலும் சின்ன அளவில் தொடங்க வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும் முன்

பிரீ-எக்லாம்ப்சியா என்று உறுதியாகிவிட்டால் கிளம்பவே வேண்டாம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய ஒன்றரை நாள். நடுவில் பிரஷர் ஏறினால் பெட்டிக்குள் செய்வதற்கு ஒன்றுமில்லை. 30 வாரத்தில் குழந்தையை எடுக்க வேண்டி வந்தால் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை வேண்டும். பரேல் வாடியா, சயன், கே.இ.எம். போன்ற மருத்துவமனைகள் பக்கத்திலேயே இருக்கும்போது அவற்றை விட்டுப் போவதில் அர்த்தமில்லை. அம்மா மும்பைக்கு வரட்டும்.

வெறும் பிரஷர் மட்டும்தான், சிறுநீரில் புரதம் போகவில்லை, இரண்டு வாரமாக அளவு நிலையாக இருக்கிறது, டாக்டரும் சம்மதிக்கிறார் என்றால் போகலாம். அதே வாரத்தில் மாத்திரையை மாற்றிக்கொண்டு ஏறாதீர்கள். புது மாத்திரை எப்படிப் பிடிக்கிறது என்று தெரிய மூன்று நான்கு நாள் வேண்டும். பத்து நாளைக்கான மாத்திரையை அட்டையோடு எடுத்துக்கொள்ளுங்கள், டப்பாவில் கொட்டி வேண்டாம். ஊரில் உள்ள டாக்டர் ரிடார்டா இல்லையா என்று அட்டையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கீழ் பெர்த், இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது. மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தும், பிரஷர் சரியும். பிரஷர் மெஷின் கர்ப்பிணிகளிடம் சோதித்துச் சரிபார்த்த மாடலாக இருக்க வேண்டும். சில ஆட்டோமேட்டிக் மெஷின்கள் பிரீ-எக்லாம்ப்சியாவில் குறைத்துக் காட்டும். கைப்பட்டை சின்னதாக இருந்தால் அளவு கூட்டிக் காட்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, கை இதய மட்டத்தில் வைத்து அளந்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். வண்டியில் 160/110 காட்டினால் 139-க்குக் கூப்பிட்டு அடுத்த ஸ்டேஷனில் டாக்டரைக் கேளுங்கள், ஊர் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பிரசவம் ஆனதும் மாத்திரையைத் தூக்கிப்போடுபவர்கள் உண்டு. பிரஷர் உச்சத்துக்கு ஏறுவது மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள், அதாவது வீட்டுக்கு அனுப்பிய பிறகு. இப்போது கருப்பைக் குழாய்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பதால் தேர்வு எளிது: எனலாப்ரில், நிஃபெடிபின், அம்லோடிபின், லேபெட்டலால் எல்லாமே தாய்ப்பால் கொடுப்பவருக்குச் சரிப்படும். குறைமாதக் குழந்தையாக இருந்தால் எனலாப்ரிலைப் பற்றி டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். மெத்தில்டோபாவை மட்டும் பிரசவமான இரண்டு நாளுக்குள் மாற்றிவிட வேண்டும், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு அது எண்ணெய் ஊற்றும். ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் எர்கோமெட்ரின் ஊசி பிரஷர் உள்ளவருக்குக் கூடாது என்று கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போன பிறகு பத்து நாள் வரை தினம் இரண்டு வேளை பிரஷர் அளக்க வேண்டும். குளிக்க வைக்க வரும் பாட்டியிடம் சொல்லிவைத்தால், மறந்தாலும் அவர் மறக்க விடமாட்டார்.